பாக்ஸ் டால்பட்டும் பனிக்கால மரமும்

ஓவியம் எழுத வல்லார் பலருடைய வரலாறுகள் உலகில் உண்டு. ஓவியம் எழுத மாட்டாமையாலேயே புகழெய்திய ஒருவருடைய வரலாற்றை ஈண்டு எழுதப் புகுகின்றோம். அவர் ஆங்கில நாட்டின் வில்ட்ஷயர்ப் பகுதியிலுள்ள லேகாக் என்னும் சிற்றூரில் வாழ்ந்த வில்லியம் ஹென்ரி பாக்ஸ் டால்பட் என்பார். தாளின்மேல் நிழற்படம் எடுக்கும் முறையையும், ஒரு மூலப்படத்தினின்று வேண்டியமட்டும் படிகள் எடுக்கும் முறையையும் கண்டறிந்தவர் இவரே. இதனை எம் கல்லூரிச் சயன்ஸ் மாணவர் அறிந்திருப்பர். ஆயின், பனிக்காலத்தில் ஓர் இலையுமின்றி நின்ற ஓக் மரம் ஒன்றனை இவர் எடுத்த படத்தைப் பற்றி அறிந்தார் நம்மிடையே மிகச் சிலரே. இவர்தம் வாழ்க்கையை அறிய விரும்புவார் அப்படத்தை உள்ளத்திற் கொண்டு படித்தல் நலமென்பது எம் கருத்து. பனிக்காலம் இவருக்கு முதலிற் பகையாயிருந்து பின்னர் நட்பாயிற்று. அம்மாற்றம் நிகழ்ந்த விதமே இவ்வரலாற்றில் யாம் சிறப்பாகக் கூற எண்ணியது.

டால்பட் 1800-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 11-ஆம் நாள் டார்ஸெட் பகுதியைச் சேர்ந்த மெல்பரி என்னுமிடத்தில், தம் தாய்வழிப் பாட்டனார் மாளிகையிற் பிறந்தார். பிறந்த ஐந்தாம் மாதத்தில் தந்தையார் இறந்தனர். அவர் விட்டுச்சென்றவை லேகாக் மடத்து மாளிகையும், அதனை விழுங்கத்தக்க கடனுமேயாம். தாயார் எலிஸபெத் அம்மையார் பிரபு குலத்தவர், பன்மொழி வல்லவர், கணக்கு வழக்கிலும் கண்டிப்புடையவர். அவர் மாளிகையைப் பிறருக்கு வாடகைக்கு விட்டு, உறவினர் இல்லங்களில் மகனுடன் தங்கி, சொத்தைக் கடனினின்று மீட்டனர். 1804-ஆம் ஆண்டிற் கப்பற்படைத் தலைவராகிய பீல்டிங் என்பாரை மறுமணம் புரிந்தனர். மாற்றாந் தந்தையார் டால்பட்டைத் தம் மகன்போலவே பேணினார். இரண்டு தங்கையரும் தோன்றினர். இத்தங்கையர் இருவரும் நன்றாக ஓவியம் எழுதுவர் என்பதைப் படிப்போர் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

ஹாரோ பள்ளியிலும், கேம்பிரிட்ஜ் திரித்துவக் கல்லூரியிலும் இவர் கல்வி பயின்றார். 1820-ஆம் ஆண்டிற் கிரேக்கச் செய்யுளியற்றி போர்ஸன் பரிசு பெற்றார். 1821-ஆம் ஆண்டுக் கணிதத் தேர்விற் பன்னிரண்டாம் இடம் பெற்றார். பழைய மொழியும் புதிய கணிதமும் ஒருங்கே கைவந்தவர் எக்காலத்தும் அரியர். அவற்றோடு செடிகொடிகளை ஆராயும் வேட்கையும் இவருக்கு இளமைமுதல் இருந்தது. ஓர் இலையின் விளிம்பையும் நரம்பையும் உற்று நோக்கும் கண் இவ்வாறு முன்னரே பழகிவிட்டது. 1831-ஆம் ஆண்டில் ராயல் ஸொஸைட்டி என்னும் அரசர் கழகத்தின் அங்கத்தினராயினார்; 1838-ஆம் ஆண்டிற் கணித ஆராய்ச்சிக்காக அக்கழகத்தின் பதக்கம் பெற்றார். இடையே சிப்பனம் தொகுதியின் சார்பிற் பார்லிமெண்டிலும் 1832 முதல் 1835 வரை அமர்ந்திருந்தார். அங்கே இவர் செய்தனவாகச் சிறப்பித்துக் கூறத்தக்கது யாதுமில்லை. ஆதலின் அதனை இவ்வளவில் விடுகின்றோம்.

1827-ஆம் ஆண்டு முதல் லேகாக் மாளிகையே இவருடைய இருப்பிடமாயிற்று. அது பதின்மூன்றாம் நூற்றாண்டிற் கன்னியர் மடமாக எழுப்பப்பட்டது. எட்டாம் ஹென்ரி மன்னன் மடங்களைக் கலைத்த காலத்தில் தனியார் கைக்கு வந்தது. சுற்றிலும் பசும்புல் வெளி. அணித்தே ஏவன் ஆறு. வெளியிடையே ஓக், எல்ம் முதலிய முதுமரங்கள் தனித்தனியே நிற்கும். கோடையில் அம்மரங்கள் பச்சைக் குவியல்களாய்த் தோன்றும். கார்த்திகை மார்கழியில் இலையெல்லாம் வீழ்ந்து கிளைகள் மட்டுமே எஞ்சும். அந்நாட்டில் அக்காலத்துப் பகற்பொழுது எட்டு மணி நேரத்திற்குச் சற்றே குறைய நிற்கும்; நண்பகலிலும் கதிரவன் அடிவானத்தினின்று பதினைந்து பாகை அளவே எழுவான். நிழல்கள் நீண்டு கிடக்கும். பல நாட்கள் அந்நிழலும் இராது. வானம் முழுதும் வெளுத்த துணிபோல் மூடிக்கிடக்கும். மார்கழியில் விடியற்பனியை மட்டுமே கண்ட நமக்கு, நாள்முழுதும் விடியற்காலம்போன்றே கழியும் அப்பருவத்தை எண்ணிப்பார்த்தலும் அரிது.

1832-ஆம் ஆண்டு டிஸம்பர் மாதத்தில் இவர் கான்ஸ்டன்ஸ் மண்டி என்னும் நங்கையை மணந்தார். மறு ஆண்டு இருவரும் ஐரோப்பாவிற் பயணஞ் செய்து, அக்டோபர் மாதத்தில் இத்தாலி நாட்டுக் கோமோ ஏரிக்கரையில் தங்கினர். ஏரியும் மலையும் கண்டு யாவரும் தாளும் எழுதுகோலும் எடுத்தனர். மனைவியார் எழுதினார், தங்கையரும் எழுதினர், டால்பட் ஒருவர்க்கே கை வரவில்லை. காமிரா லூஸிடா என்னும் கண்ணாடிக் கருவியைத் துணைகொண்டும் முயன்றார். அக்கருவி எதிரேயுள்ள காட்சியைத் தாளின்மேற் படிந்ததுபோற் காட்டும். அதன்மேற் கோடிழுத்தால் ஓவியமாகும். இவர் கோடிழுத்த பின் கருவியினின்று கண்ணை எடுத்துப் பார்த்தபோது, தாளில் இருந்தது ஏரியுமன்று, மலையுமன்று. இரங்கத்தக்க சில கீறல்களே. இளமையில் தாம் கையாண்ட இருட்பெட்டி அப்போது நினைவிற்கு வந்தது. அதில் வில்லையின் வழியே புகும் ஒளி, பின்புறத்தில் உலகத்தைத் தலைகீழாக எழுதிக்காட்டும். ஆயின் அது நிலையாது மறையும். அவ்வொளியோவியம் தாளில் தானே பதிந்து நிற்குமாயின் எத்துணை நன்றாயிருக்கும் என்று எண்ணினார். கை வல்லவர் ஒருவர் அன்று அவ்வேரிக்கரையில் அமர்ந்திருப்பின் இவ்வெண்ணம் அவருக்கு எழுந்திராது. மாட்டாமையும் சிற்சில சமயங்களில் நன்மை பயக்கும்.

ஊர் திரும்பிய டால்பட், 1834-ஆம் ஆண்டின் தொடக்கத்திற் சோதனைகளை ஆரம்பித்தார். நல்ல எழுதுதாளைக் கறியுப்பு நீரில் தோய்த்து உலர்த்துவார். பின் அதன்மேல் ஸில்வர் நைட்ரேட் நீரைப் பூசுவார். உப்பும் வெள்ளியும் கூடி ஒளியிற் கறுக்கும் பொருளொன்று தாளிலே தோன்றும். அதன்மேல் ஓர் இலையையோ பின்னல் துணியையோ வைத்து வெயிலிற் காட்டினால், ஒளி பட்ட இடம் கறுத்து, இலை மறைத்த இடம் வெளுத்து நிற்கும். தாளின் சில பகுதிகள் மற்றவற்றினும் விரைந்து கறுத்தலைக் கண்டு அதன் காரணத்தை நாடினார். உப்புக் குறைந்த இடமே விரைந்து கறுக்கின்றது என்று தெளிந்தார். அங்ஙனமாயின் உப்பு மிகுந்தாற் கறுத்தல் நின்றுவிட வேண்டுமன்றோ? அவ்வாறே, எழுதிமுடிந்த படத்தை மிகுந்த உப்பு நீரில் தோய்த்து அதனை ஒருவாறு நிலைபெறச் செய்தார். எளிய அடுக்களைப் பொருளாகிய உப்பே படத்தை ஆக்குவதற்கும் காப்பதற்கும் உதவியது என்பது வியக்கத்தக்கது.

1835-ஆம் ஆண்டுக் கோடை வெயில் மிகுந்ததாயிருந்தது. ஊர்த் தச்சனைக்கொண்டு சிறுசிறு மரப்பெட்டிகள் செய்வித்து, வில்லை பொருத்தி, மாளிகையைச் சூழ ஆங்காங்கே வைத்தார். அவற்றை எலிப்பொறிகள் என்று அவர் மனைவியார் நகைத்துப் பெயரிட்டனர். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் மாளிகையின் பலகணியொன்று அத்தகைய பொறியிற் சிக்கியது. தபால்தலை அளவே உள்ள அத்தாள் இன்றுவரை அழியாதிருக்கும் நெகட்டிவ்களுள் முதலாவதாகும். பலகணியின் சிறு கண்ணாடிகள் ஏறக்குறைய 200 என்பதனை, படம் புதிதாயிருந்தபோது பூதக்கண்ணாடிகொண்டு எண்ணத்தக்கதாயிருந்ததாம்.

இங்கே மரங்களைப் பற்றி ஒரு சொல் கூறவேண்டும். இம்முறையில் ஒரு படம் பதிதற்கு, பெட்டியின் அளவிற்கேற்ப, நல்ல வெயிலிலும் பத்து நிமிடம் முதல் ஒரு மணிக்கு மேலும் செல்லும். அத்துணை நேரம் அசையாதிருப்பது கட்டடமே. கோடை மரம் காற்றில் ஒரு நொடியேனும் அடங்கியிராது; அதன் இலைகள் படத்திற் கலங்கிய குழம்பாகவே பதியும். அன்றியும், வெள்ளியுப்புக்களின்மேல் நீலவொளியும் ஊதாவொளியுமே தொழிற்படும். பச்சைநிறம் ஏறக்குறைய இருளாகவே படும். ஆதலிற் கண்ணுக்கு எழில் மிக்க பசுமரம் டால்பட்டின் பெட்டிக்குக் கரிக்குவியலேயாகும். இலையற்ற மரமோ கிளைகளையே உடையது. காற்றில் மிக அசையாது. வெளுத்த வானத்திற்கு முன்னே ஒவ்வொரு சுள்ளியும் தனித்துத் தோன்றும். எனவே இக்கலைக்கு ஏற்ற மரம் பனிக்கால மரமே. ஆயின் அம்மரம் நிற்கும் காலத்தில் ஒளி இல்லை. ஒளி உள்ள காலத்தில் அம்மரம் இல்லை. இச்சிக்கலை அவிழ்ப்பதற்கு இன்னும் ஐந்தாண்டுகள் சென்றன.

அவ்வைந்தாண்டுகளில் டால்பட் இக்கண்டுபிடிப்பைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார் என்றே கூறவேண்டும். கணிதமும் ஒளியியலும் பழமொழியாராய்ச்சியும் அவர் நேரத்தைக் கவர்ந்தன. உலகிற்கு உரைக்கவேண்டும் என்னும் அவசரம் அவரிடம் இல்லை. செல்வமும் ஓய்வும் உடையார்க்கு இயல்பாய் உள்ள தாமதம் இது. இதனை யாம் குறைகூறாதிருத்தல் இயலாது. 1839-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 7-ஆம் நாள் பாரிஸ் நகரில், டகேர் என்பார் காமிராவின் காட்சியை நிலைநிறுத்தும் வழி கண்டனர் என்னும் செய்தி விஞ்ஞானக் கழகத்தில் வெளியிடப்பட்டது. செய்தி ஆங்கிலக் கடலைக் கடந்து லேகாக்கை அடைந்தது. டகேரின் முறை யாது என்பது அப்போது எவர்க்கும் தெரியாது. தம் முறையும் அதுவேயாயின், ஐந்தாண்டு உழைப்பும் பிறர் பெயரால் வழங்குமே என்று டால்பட் துணுக்குற்றார்.

விரைந்து லண்டனை அடைந்து, அம்மாதம் 25-ஆம் நாள் ராயல் இன்ஸ்டிட்யூஷன் மண்டபத்தில் தம் படங்களைக் காட்சிக்கு வைத்தார்; 31-ஆம் நாள் அரசர் கழகத்தில் கட்டுரை படிக்கப்பட்டது. அவர் காட்டியவற்றுட் காமிராப் படங்கள் 1835-ஆம் ஆண்டுக் கோடையில் எடுத்தனவே. புதியன எடுத்துக் காட்டலாகாதோ எனின், ஆகாது, காலம் ஜனவரி. வெளியே மரங்கள் இலையுதிர்ந்து நின்றன. கதிரவனோ மூடுபனிக்கு அப்பால் இருந்தனன். தம் முறை மெய்யென்று நாட்டவேண்டிய அம்மாதத்திலேயே பனிக்காலம் அவரைக் கைவிட்டது. அவருடைய பழைய நண்பரும் வானநூலறிஞருமாகிய ஜான் ஹெர்ஷல் இச்செய்தியைக் கேட்ட சில நாட்களுக்குள் தாமே சோதித்து, ஹைப்போ என்னும் உப்பு படத்தை நன்கு நிலைபெறுத்தும் என்று கண்டு, அதனை டால்பட்டுக்கு அறிவித்தார். நெகட்டிவ், பாஸிடிவ் என்று இன்றும் வழங்கும் சொற்களை இக்கலையிற் புகுத்தியவரும் ஹெர்ஷலே. தமக்கென்று ஒன்றும் வேண்டாது பிறர் முயற்சிக்கு உதவிய அப்பெரியாரைப் பற்றித் தனியே எழுதுதல் தகும்.

டகேரின் முறை வேறு என்பது ஆகஸ்டு மாதத்தில் வெளியாயிற்று. அவர் வெள்ளி பூசிய செப்புத் தகட்டிற் படம் எடுத்தார், அது கண்ணாடிபோல் மின்னும், மயிரிழையும் தெரியும். டால்பட்டின் தாட்படம் அதன்முன் மங்கலாகவே தோன்றியது. உலகம் டகேரையே போற்றிற்று. ஆயின் தகட்டுப் படம் ஒன்றே ஒன்றாய் இருந்து ஒழியும். தாளின் நெகட்டிவ் ஒன்று இருப்பின், அதனினின்று பல படிகள் பெறலாம். பின்வந்த நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகெங்கும் வழங்கிய பிலிம் முறைக்கு வித்தாயது டால்பட்டின் மங்கலான தாளே.

இனி 1840-ஆம் ஆண்டு ஸெப்டம்பர் மாதத்திற்கு வருவோம். அம்மாதத்தின் பிற்பகுதியில், அயோடைடும் வெள்ளியும் ஏற்றிய தாளிற் காலிக் அமிலத்தைப் பூசிச் சோதித்துக்கொண்டிருந்தபோது, சிறிது நேரமே ஒளி பட்டு யாதொரு குறியுமின்றி வெறுமையாய் இருந்த தாள்களில், இருளிலேயே மெல்ல மெல்ல உருவம் தோன்றக் கண்டார். ஒளி எழுதிய எழுத்து கண்ணுக்குப் புலனாகாது தாளினுள் மறைந்திருக்கின்றது. தக்க மருந்து பட்டவுடன் வெளிப்படுகின்றது. இவ்வுண்மை இக்கலையின் நிலையையே மாற்றிவிட்டது. ஒரு மணி நேரம் வேண்டிய இடத்தில் நல்ல வெயிலில் ஒன்றிரண்டு நிமிடம் போதியதாயிற்று. அழகு என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லைக்கொண்டு இம்முறைக்குக் காலோடைப் என்று பெயரிட்டார். மகன் பெயராலேயே அது வழங்கவேண்டுமென்பது தாயார் விருப்பம். 1842-ஆம் ஆண்டில் அரசர் கழகம் இதற்காக ரம்போர்ட் பதக்கம் அளித்தது.

இதன் பின்னரே பனிக்காலத்தின் கதவு அவருக்குத் திறந்தது. வலிகுறைந்த வெயிலும் இனிப் போதும்; காத்திருக்கும் நேரம் காற்று அடங்கும் ஓர் இடைவேளைக்குள் அடங்கிற்று. 1840-க்குப் பின்வந்த சில பனிக்காலங்களில் டால்பட் இலையற்ற மரங்களைப் பலமுறை எடுத்தனர். குளத்தின் கரையில் நின்று நீரிலே தம்மைத் தாமே தலைகீழாகக் காணும் மரங்கள் ஒரு படத்தில் உள்ளன. இவற்றுள் தலைசிறந்தது 1842, 1843 ஆகிய ஆண்டுகளையொட்டி எடுத்ததாகக் கருதப்படும் ஓக் மரப் படம்.

அப்படத்தில் ஒரே மரம் உள்ளது. தாளின் பெரும்பகுதியையும் அதன் விரிந்த முடியே நிரப்புகின்றது. பருத்த அடிமரம் குட்டையாய் நின்று பெருங்கிளைகளாய்ப் பிரிகின்றது. அவை கொம்புகளாகவும் கொம்புகள் வளார்களாகவும் நுணுகி, விளிம்பில் இழையினும் மெல்லியவாய் வானத்திற் கலக்கின்றன. பின்னே தொலைவில் வேறு மரங்கள் மங்கித் தோன்றுகின்றன. வானத்தில் முகிலில்லை, பறவையில்லை. மாந்தர் எவருமிலர். இலையடர்ந்த காலத்தில் மரத்தின் அளவை மட்டுமே நாம் காண்போம். அது வளர்ந்த வரலாற்றை இலைகள் மறைத்துவிடும். எக்கிளை ஒளியை நாடி வளைந்தது, எது புயலில் முறிந்து மீண்டும் தளிர்த்தது என்பனவெல்லாம் இப்படத்திற் காணக்கிடக்கின்றன. முதியவர் ஒருவரின் கைந்நரம்புகளைக் காண்பது போன்ற உணர்ச்சி உண்டாகின்றது. அம்மரம் பட்டுவிட்டதென்று எவரும் எண்ணார். அது பொறுத்திருக்கின்றது என்றே தோன்றும்.

இம்மனநிலை தாளில் எவ்வாறு வந்தது என்று ஆராய்ந்தால், பாதி மரத்தினுடையது, பாதி முறையினுடையது என்பது விளங்கும். நெகட்டிவின் ஒளி மற்றொரு தாளை அடைதற்கு முன் முதல் தாளின் நார்களினூடே செல்லவேண்டும். அதனாற் கோடுகள் யாவும் சிறிதே கசிந்து மென்மையுறும். டகேரின் தகட்டோடு ஒப்பிட்டுக் குறையென்று பலர் கூறிய அம்மங்கலே இங்கு மூடுபனியாய் உதவுகின்றது. அசைவன பதியா, நிலைத்தனவே பதியும். ஒரு பறவை கிளையிலிருந்து எழுந்து போயிருந்தாலும் தாள் அதனை அறிந்திராது. ஆகையால் பனிக்காலத்துப் பேரமைதி தானே வந்து படத்திற் குடிகொண்டது. கறியுப்புத் தாளின் நிறமும் கருமையன்று. செம்மை கலந்த பழுப்பு. அது உதிர்ந்த சருகின் நிறம்.

இதன் நெகட்டிவைக் காண்பது மற்றோர் அனுபவம். அதில் வானம் நள்ளிரவு, மரம் வெண்மை. ஒவ்வொரு வளாரிலும் உறைபனி படிந்ததுபோலும், மின்னல் கீழிருந்து மேல்நோக்கிக் கிளைத்ததுபோலும் தோன்றும். டால்பட் தம் இருட்டறையில் முதலிற் கண்டது இவ்வெள்ளை மரத்தையே. வெறுந்தாளில், விளக்கின் மங்கிய ஒளியில், மருந்து பட்ட சில நிமிடத்தில் அது கிளைகிளையாய் எழுந்திருக்கும். ஓவியம் எழுத மாட்டாதவர் அக்காட்சியைக் கண்டு எவ்வாறு மகிழ்ந்திருப்பார் என்பதைப் படிப்போரே எண்ணிக்கொள்க.

இப்படங்களில் மனிதர் கைக்கு வேலையில்லை, இயற்கையே தன்னை எழுதுகின்றது என்பது டால்பட்டின் கொள்கை. அவர் வெளியிட்ட நூலுக்கும் இயற்கையின் எழுதுகோல் என்னும் கருத்தமைந்த பெயரே இட்டார். எமக்கு இது முழுதும் உடன்பாடன்று. லேகாக் வெளியில் எத்தனையோ மரங்கள் நின்றன. ஆண்டில் எத்தனையோ நாட்கள் இருந்தன. இம்மரத்தை, இத்துணைத் தொலைவில் நின்று, இலையற்ற இந்நாளில், வானம் வெளுத்த இவ்வேளையில் எடுத்தல் வேண்டுமென்று தேர்ந்தது கதிரவன் அன்று. கோடு இழுக்கும் கை அவருக்கு இல்லை. தேரும் கண் இருந்தது. அடக்கத்தால் அதனை அவர் கணக்கிற் சேர்த்திலர்.

அந்நூல் 1844 முதல் 1846 வரை ஆறு பகுதிகளாக வெளிவந்தது. அச்சிட்ட நூலொன்றில் நிழற்படங்கள் ஒவ்வொன்றாய்க் கையால் ஒட்டப்பெற்று விலைக்கு வந்தது அதுவே முதன்முறை எனலாம். 24 படங்கள் உள்ளன. பாதி திறந்த கதவிற் சார்த்திய துடைப்பம், வைக்கோற்போர், ஏணி, புத்தக அடுக்கு, மெல்லிய பின்னல் துணி என்பவை அவற்றுட் சில. வியப்பென்னவெனின், பனிக்கால ஓக் அவற்றுள் இல்லை. இப்புதுக்கலை எவ்வெவற்றிற்குப் பயன்படும் என்று உலகிற்குக் காட்டுதலே நூலின் நோக்கம். இலையற்ற மரத்தின் படம் எதற்குப் பயன்படும் என்று கேட்டால் விடை கூறுதல் அரிதாயிருந்திருக்கலாம்.

இனிக் கூறவேண்டியது இவர் வாழ்வில் மகிழ்ச்சி குறைந்த பகுதி. 1841-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இவர் தம் முறைக்குப் பேடண்ட் உரிமை பெற்றிருந்தார். அம்முறையைக் கையாள்வார் பணம் கொடுத்து அனுமதி பெறவேண்டியதாயிற்று. பணத்தாசையே காரணமென்று பலர் பழித்தனர். டகேருக்குப் பிரெஞ்சு அரசாங்கம் உபகாரச் சம்பளம் அளித்தது. டால்பட்டுக்கு எந்த அரசாங்கமும் ஒன்றும் அளிக்கவில்லை. சோதனைகளோ அவர் கைப்பொருளை உண்டன. இவ்விரண்டையும் சீர்தூக்கியே பழித்தல் வேண்டும். ஆயினும் பேடண்டால் விளைந்த கேடு பெரிது. அவ்வுரிமை ஸ்காட்லாந்தில் செல்லாதாகையால், எடின்பரோ நகரத்தில் ஹில், ஆடம்ஸன் என்னும் இருவர் காலோடைப் முறையில் அரிய படங்களைத் தடையின்றி எடுத்தனர். இங்கிலாந்தில் அத்தகையார் எழவில்லை. ரெடிங் நகரில் டால்பட்டின் பணியாளராயிருந்த ஹென்னமன் நடத்திய படசாலையும் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. 1846-ஆம் ஆண்டில் ஒரு கலைப் பத்திரிகைக்காக அங்கே ஆயிரக்கணக்கிற் செய்தளித்த படிகள் பல, விரைவில் வெளுத்துப்போயின. கண்டோர் எள்ளினர். தாயாரும் அவ்வாண்டிலேயே காலமாயினர்.

1851-ஆம் ஆண்டில் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்பார் கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசிப் படமெடுக்கும் முறையைப் பேடண்ட் ஏதுமின்றி உலகிற்கு அளித்தனர். அதுவும் தம் உரிமையுள் அடங்கும் என்று டால்பட் வாதாடினார். அடுத்த ஆண்டில், அறிஞர் கழகத் தலைவர் இருவர் வேண்டிக்கொண்டதற்கிணங்கித் தொழில்முறை உருவப்படம் ஒன்றொழிந்த பிறவற்றிற்கெல்லாம் தம் உரிமையைக் கைவிட்டார். எஞ்சிய அதன்பொருட்டு லரோஷ் என்னும் படத்தொழிலாளர்மேல் தொடுத்த வழக்கு 1854-ஆம் ஆண்டு டிஸம்பர் மாதத்தில் தீர்ந்தது. காலோடைப் முறையைக் கண்டவர் டால்பட்டே என்று ஜூரிகள் ஒப்பினர். ஆனால் கொலோடியன் முறை அதற்கு வேறானது என்று எதிர்வாதிக்கே வெற்றி தந்தனர். பெருமையை உறுதிசெய்து உரிமையை மறுத்த இத்தீர்ப்பு நேர்மையானதென்றே யாம் கருதுகின்றோம். அவரும் மேலே வழக்காடவில்லை.

தாள் நெகட்டிவ் கண்ணாடிக்கு இடங்கொடுத்து மறைந்த அக்காலத்திலும், வெப்ப நாடுகளில் அது சில ஆண்டுகள் நிலவிற்று. தாளிற் பயணம் எளிது, உடைதலும் இல்லை. பாரிஸ் நகரத்து லெ கிரே என்பார் அதனை மெழுகிட்டுத் திருத்தியிருந்தார். சென்னை அரசாங்கத்தின் நிழற்படக்காரராயிருந்த காப்டன் லின்னேயஸ் டிரைப் 1858-ஆம் ஆண்டளவில் மதுரை, தஞ்சை முதலிய இடங்களைப் படமெடுத்தபோது அத்தகைய தாளையும் கையாண்டார். தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டுக்களை 21 படங்களாக எடுத்து ஒட்டி ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே காட்சியாக்கினார். லேகாக்கில் உதித்த முறையின் கால்வழியினது நம் சோழர் எழுத்தைக் காத்த அப்படம். வெறுமையான வானத்தை டிரைப் விரும்பவில்லை. நெகட்டிவின்மேல் தூரிகையால் முகில்கள் எழுதிச் சேர்த்தார். டால்பட்டோ தம் ஓக்கின் வானத்தை வெறுமையாகவே விட்டிருந்தார். தூரிகை பிடிக்க அறியாமை இங்கும் நன்மையே செய்தது.

வழக்குக்குப் பின் டால்பட் இருபத்துமூன்று ஆண்டுகள் வாழ்ந்தார். வெளுத்துப்போகாத படம் வேண்டுமாயின் வெள்ளியை விட்டு அச்சுமையை நாடவேண்டும் என்று தெளிந்து, எஃகுத் தகட்டிலும் செப்புத் தகட்டிலும் நிழற்படத்தைப் பொறித்து அச்சிடும் வழிகளை 1852-ஆம் ஆண்டிலும் 1858-ஆம் ஆண்டிலும் வகுத்தார். பிற்காலத்துப் பத்திரிகைகளிலும் நூல்களிலும் படங்கள் அச்சாகும் முறைக்கு அவை முன்னோடிகள். இளமையில் விரும்பிய பழமொழிகளையும் மறந்தாரல்லர். அஸிரிய நாட்டுக் களிமண் எழுத்துக்களைப் படித்தறிய முடியுமா என்னும் ஐயம் அந்நாளிற் பரவியிருந்தது. 1857-ஆம் ஆண்டில், திக்லத் பிலேசர் மன்னனுடைய சாசனமொன்றை இவரும் ராலின்ஸன், ஹிங்க்ஸ், ஓப்பெர்ட் ஆகிய மூவரும் தனித்தனியே மொழிபெயர்த்து முத்திரையிட்டு ஆசியக் கழகத்திற்கு அளித்தனர். உறைகளைப் பிரித்து ஒப்பிட்டபோது முக்கியமான இடங்களில் அவை ஒத்திருந்தன, ஐயம் ஒழிந்தது. சுள்ளிகளைப்போல் ஒன்றன்மேலொன்று படிந்த அவ்வாப்பு எழுத்துக்களை நோக்கும் பொறுமை அவருக்கு எங்கிருந்து வந்ததென்று வியக்கவேண்டுவதில்லை.

பிரெஞ்சு அறிஞர் டிஸ்ஸாண்டியே என்பார் எழுதிய நிழற்படக்கலை வரலாற்றின் ஆங்கிலப் பதிப்பிற்குத் தம் கண்டுபிடிப்பைப் பற்றிய பிற்சேர்க்கை எழுதிக்கொண்டிருக்கும்போதே, 1877-ஆம் ஆண்டு ஸெப்டம்பர் மாதம் 17-ஆம் நாள் டால்பட் லேகாக் மாளிகையில் உயிர் நீத்தார். அதனை மகனார் சார்லஸ் ஹென்ரி முடித்தார். அவ்வூர் இடுகாட்டிலேயே அடக்கஞ் செய்யப்பெற்றார். பேர்த்தியாராகிய மெடில்டா அம்மையார் 1944-ஆம் ஆண்டில் மாளிகையையும் ஊரையும் தேசீயப் பாதுகாப்பு நிதிக்கு அறமாக அளித்தனர். 1975-ஆம் ஆண்டில் மாளிகை வாயிலில் இவர் பெயரால் ஒரு பொருட்காட்சிசாலை ஏற்பட்டது.

இவர் எடுத்த படங்களுள் ஆயிரக்கணக்கானவை நூல்நிலையங்களிலும் காட்சிசாலைகளிலும் இன்று காக்கப்படுகின்றன. அவற்றுட் பல மஞ்சள் பாரித்துவிட்டன. சிலவற்றில் உருவமே தேய்ந்துவிட்டது. நன்கு ஹைப்போவில் தோய்ந்து கழுவப்பெற்ற சில மட்டுமே எடுத்த நாளின் வண்ணத்தோடு உள்ளன. பனிக்கால ஓக் அந்நல்லூழ் பெற்றவற்றுள் ஒன்று. தம்மை ஆக்கிய ஒளியே இத்தகைய தாள்களுக்குக் கேடு செய்யும் ஆகையால், அவற்றை எப்போதும் சுவரில் மாட்டுவதில்லை. இருண்ட பேழைகளில் வைத்திருந்து, எப்போதோ ஒருமுறை, சில வாரங்கள் மட்டும், மங்கிய விளக்கொளியில் காட்சிக்கு வைக்கின்றனர். பின் மீண்டும் இருளில் வைத்துவிடுகின்றனர்.